பத்தாம் தேதிப் பூநாரை

கோபிசெட்டிபாளையம்
20-7-1995

திரு. அப்துல் வஹீது அவர்களுக்கு,

அங்கப்பன் எழுதுவது. இங்கு நலம். அங்கும் நலம்தானே என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

உறவு கொண்டாட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆபீஸ் காரியம். தொண்டாமுத்தூரில் நான் மழை அளந்த காலத்துப் பதிவேட்டில் 1991 நவம்பர் மாதத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். அந்த மாதத்து அளவுகளுக்கு நகல் இருக்கிறதா என்று பழைய ஆபீஸிலிருந்து கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இல்லை. நம் நோட்டில் இருக்கிறது. நோட்டு உங்களிடம் இருக்கிறது. அது எப்படி உங்களிடம் போனது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

முப்பது நாள் மழையையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால் போதும். பறவைகள் வேண்டாம்.

இங்கே ஆடிக் காற்று. அம்மியே பறக்கும் என்பார்கள். என் மழைமானிக்குள் தினமும் வாழைச் சருகுதான் பறந்து வந்து விழுகிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றுக்கு உக்கடம் குளம் இந்நேரம் கரையில் வந்து மோதிக்கொண்டிருக்கும். இதை எழுத நினைக்கவில்லை, பேனா எழுதிவிட்டது.

இப்படிக்கு,
அங்கப்பன்


உக்கடம், கோயமுத்தூர்
28-7-1995

அங்கப்பண்ணனுக்கு வஹீது எழுதுவது.

“திரு. அப்துல் வஹீது அவர்களுக்கு” என்று பார்த்ததும் கோர்ட் நோட்டீஸ் என்று இஸ்மத் பயந்துவிட்டாள். “ஏனுங்க, யாரு மேல என்ன வம்பு பண்ணிப்போட்டீங்க?” என்று கேட்டாள். வம்பு நான் பண்ணவில்லை, எனக்குப் பண்ணியவர் எழுதியிருக்கிறார் என்றேன்.

கையெழுத்தைப் பார்த்து முதலில் நீங்கள் இல்லை என்றே நினைத்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவீர்களே அண்ணா. ஒரு கார்டில் ஒரு மாதத்து மழையை அடக்குவீர்கள். இப்போது ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவுக்கு இருக்கிறது. வரியும் வலது பக்கம் சரிந்துகொண்டே போகிறது.

மழையைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பத்தாம் தேதி 41.2 மில்லிமீட்டர். அந்த ஓர் எண்ணை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

பறவைகள் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். உங்களுக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். அன்றைக்குத் தீபாவளி முடிந்து வந்த ஞாயிறு. வழக்கம்போல எட்டு மணிக்குத் தொண்டாமுத்தூரில் மழையை அளந்துவிட்டு பஸ் ஏறி வந்தீர்கள். ரசாக் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் மழையை எழுதினீர்கள். தூறிக்கொண்டிருந்தது. குளத்தின் மேற்குக் கரையில் கொக்குகளுக்கு நடுவில் ஒரு பூநாரை நின்றது. பைனாகுலரில் அதன் காலைப் பார்த்தேன், வளைந்த மூக்கைப் பார்த்தேன், இறக்கையில் ரோஜா நிறத்தைப் பார்த்தேன். உங்களிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு “கொக்குங்க” என்றீர்கள். நான் நோட்டை வாங்கி, உங்கள் மழைக்கு அடுத்த வரியில் பூநாரையை எழுதினேன்.

இருவரும் பார்த்தால்தான் நோட்டில் ஏறும் என்பது நாம் போட்ட சட்டம். மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகச் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் சிவப்புப் பேனாவை எடுத்து, பத்துப் பேர் பார்க்கக் கோடு போட்டு அடிப்பதா? “கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணாடி வேணுமாட்ட இருக்குதுங்க” என்று சொல்வதா? கடை முழுக்கச் சிரித்தது. ரசாக் இன்றைக்கும் டீயை நீட்டும்போது “பூநாரைக்கு ஒண்ணு” என்கிறான்.

ஒன்பது வருஷம் உங்கள் மழையை நான் ஒரு நாளாவது தொண்டாமுத்தூர் வந்து பார்த்திருக்கிறேனா? நீங்கள் சொன்னீர்கள், ஏறியது. சட்டம் பறவைக்கு மட்டும்தானா அண்ணா? என்னைப் பொய்யன் என்று சொன்னதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்றைக்கு அலமாரியில் வைத்துப் பூட்டிய நோட்டை உங்கள் கடிதம் வந்த பிறகுதான் திறந்தேன். அந்தச் சிவப்பு மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் சொல்ல மனமில்லை. அதற்குப் பதில் ஒரு கேள்வி. விளக்கைப் பார்த்தால் சுற்றி வளையம் தெரிகிறதா? வெயிலில் கண் கூசுகிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

வஹீது


கோபி
6-8-1995

வஹீது பாய்க்கு,

மழைத் தாள் வந்தது. ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். நன்றி.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆபீஸில் கொடுத்த பேனா தடித்த முள், அதனால் எழுத்து பெரிது. வளையம் நிலாவைச் சுற்றித்தான் தெரிகிறது. அது மழைக்கு அறிகுறி.

பேசுவது என்றால் எல்லாவற்றையும் பேசலாம். பத்துப் பேர் பார்க்க நோட்டைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளில் போனவர் யார்? அடுத்த ஜனவரியில் எனக்குக் கோபிக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போகலாம் என்று உங்கள் கடை வாசலில் வந்து நின்றேன். உள்ளே ஓர் அம்மாளுக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை. கால் மணி நேரம் நின்றேன். டிரங்குப் பெட்டியோடு பழனியாத்தாள் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். “சொல்லிப்போட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். சொல்லியாச்சு என்று பொய் சொன்னேன்.

இங்கே எல்லாம் இருக்கிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர், கண் நிறைய நெல் வயல். ஆனால் வெள்ளியங்கிரி மலை தெரியாது. அதன் உச்சியில் மேகம் தொப்பி போட்டால் மூன்றாம் நாள் மழை என்பேன். “தொப்பி போட்டவனையெல்லாம் நம்பிப்போடாதீங்க” என்று உங்கள் தொப்பியைக் கழற்றிக் காட்டிச் சிரிப்பீர்கள். இங்கே மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொன்னால் கேட்க ஆளில்லை. பழனியாத்தாளிடம் சொன்னால் காயப்போட்ட துணியை எடுக்கப் போய்விடுகிறாள்.

அங்கப்பன்


கோபி
17-9-1995

(அஞ்சலட்டை)

பாய்க்கு,

வாலாட்டி வந்துவிட்டது. இன்று காலை ஏழு மணிக்கு, வாய்க்கால் மதகில். வடக்கேயிருந்து வரும் குருவியை யார் முதலில் கண்டாலும் மற்றவருக்குக் கார்டு போட வேண்டும் என்பது பழக்கம். பழக்கத்தை நான் விடுவதில்லை. இந்த வருஷம் நான்தான் முதல்.

அங்கப்பன்


உக்கடம்
22-9-1995

அண்ணனுக்கு,

உங்கள் கார்டை ரசாக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, “அங்கப்பண்ணன் மூணு வருசமா தூங்கிட்டா இருந்தாரு?” என்றான். நானும் தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியாது. 92, 93, 94 மூன்று செப்டம்பரிலும் வாலாட்டியைப் பார்த்த அன்றைக்கே உங்களுக்குக் கார்டு எழுதினேன். மூன்றும் கடை டிராயரில் கிடக்கின்றன. நீங்கள் கோபிக்குப் போனது பிறகு காதில் விழுந்தும், விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபி வாய்க்கால் ஆபீஸ் என்று போட்டால் வந்து சேராதா என்ன?

கடை வாசல் விஷயத்துக்கு வருகிறேன். பார்த்தேன் அண்ணா. உங்கள் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அந்த அம்மாளுக்குப் பவர் பார்த்து முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. “சும்மா வெச்சுட்டே இருக்கீங்களே” என்று அவர் முணுமுணுத்தார். நிமிர்ந்தால் பேசிவிடுவேன் என்று நிமிரவில்லை. மாற்றல் என்று தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேன். தெரியாததால் அடுத்த ஞாயிறும் வருவீர்கள், அப்போது இன்னும் கொஞ்சம் முறைக்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த ஞாயிறு வரவே இல்லை.

இங்கே குளத்தில் ஆகாயத் தாமரை பாதியை மூடிவிட்டது. ஆனாலும் தாழைக்கோழி இருக்கிறது, முக்குளிப்பான் இருக்கிறது. போன வாரம் தகைவிலான் குருவிகள் மின்கம்பி முழுக்க உட்கார்ந்திருந்தன. நீங்கள் இருந்திருந்தால் எண்ணியே தீர வேண்டும் என்று அடம்பிடித்திருப்பீர்கள்.

இப்போது ஒரு சங்கதி. வாலாட்டி வந்தது என்று எழுதினீர்கள், மஞ்சள் வயிறா வெள்ளையா என்று எழுதவில்லை. நிறம் எழுதாமல் நீங்கள் கார்டு போட்டதே கிடையாது. குருவியைப் பார்த்தீர்களா, சத்தத்தைக் கேட்டீர்களா? இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி விற்கிறேன். முள் தடித்த பேனாவால் எழுத்து தடிக்கும், வரி சரியாது. உங்கள் கண்ணில் புரை விழுந்திருக்கிறது அண்ணா. வந்து காட்டுங்கள். புரை முற்றினால் பிறகு சிரமம்.

வஹீது


கோபி
31-10-1995

பாய்,

உங்களுக்கு ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தால் அல்ல.

சத்தத்தைத்தான் கேட்டேன். பார்க்கவில்லை. மதகுச் சுவரில் அது வாலாட்டிக்கொண்டு நிற்கிறது என்று காதுக்குத் தெரிந்தது, கண்ணுக்கு ஈரச் சுவர் மட்டும் தெரிந்தது.

மூன்று வருஷமாக மழைக் குவளையைப் பழனியாத்தாள்தான் படிக்கிறாள். நான் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் எண்ணைச் சொல்வாள், நான் எழுதுவேன். கேட்டைத் தாண்டி யாரும் வருகிறார்களா என்று அவளே பார்த்துக்கொள்வாள். முந்தாநாள் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஐப்பசி அடைமழை. காலையில் நானே அளந்தேன். மழைமானிப் பாத்திரத்திலிருந்து ஊற்றியதில் ஒரு குவளைதான் வந்தது. பாத்திரம் காலியாகிவிட்டது என்று நினைத்து 18.6 என்று போனில் சொன்னேன். பத்து மணிக்கு இன்ஜினியர் வெங்கடபதி ஜீப்பில் வந்தார்.

“ஏனுங்க அங்கப்பன், சுத்துப்பட்டுல எல்லாம் எழுவதத் தாண்டியிருக்குது. நம்முளுது மட்டும் பதினெட்டுங்களா? கொவளை எத்தன தடவை நெறஞ்சுதுங்க?”

நாலு தடவை நிறைந்திருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியில் தெளிந்த தண்ணீர் நின்றது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தப்புக் கணக்கை நம்பி மதகை இறக்காமல் விட்டார்கள். செங்கோடன் வாழைத் தோட்டத்துக்குள் வாய்க்கால் புகுந்துவிட்டது. இன்ஜினியர் திட்டவில்லை. “வயசாயிருச்சுங்க, பாத்து செய்ங்க” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. இருபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன மழை தப்பானது இதுதான் முதல் தடவை. செங்கோடன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு எழுதியவன் மீதியையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பத்தாம் தேதி பைனாகுலரில் எனக்குத் தெரிந்தது வெள்ளையாக ஒரு பூச்சு. கொக்கும் கரையும் தூறலும் எல்லாம் ஒரே பூச்சு. அதற்கு ஆறு மாதம் முன்பே அப்படித்தான். அங்கே பூநாரை இல்லை என்று எனக்குத் தெரியாது பாய். எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கண் போச்சு என்றால் மழை ஆபீஸில் எனக்கு என்ன வேலை? குளத்தில்தான் என்ன வேலை? அந்தப் பயத்தில் உங்களைப் பொய்யன் ஆக்கினேன். சிவப்புப் பேனாவை எடுத்தது உங்கள் மேல் இருந்த கோபத்தால் அல்ல.

வந்து காட்டச் சொல்கிறீர்கள். என் அப்பனுக்கும் புரை. அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்த ஒருவனிடம் அறுத்துக்கொண்டார். கட்டை அவிழ்த்ததும் “வெளக்க ஏத்துங்கடா” என்றார். அப்போது உச்சி வெயில். எனக்கு அந்தக் குரல் இன்னும் கேட்கிறது. பூச்சாகவாவது தெரிகிறதே, அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன்?

அங்கப்பன்


உக்கடம்
4-11-1995

அண்ணா,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. குளத்துக் கரைக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். படித்து முடித்தபோது என் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

உங்கள் அப்பனுக்கு நடந்ததைத் தள்ளிப் பேச மாட்டேன். ஆனால் அவருக்கு அறுத்தவன் மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். உங்களுக்குப் பார்க்கப்போகும் டாக்டர் எங்கும் போக மாட்டார், என் கடைக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறார். போன வருஷம் என் மாமியாருக்கு அவர்தான் பார்த்தார். இப்போது மாமியார் அரிசியில் நான் பார்க்காத கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்து இஸ்மத்திடம் காட்டுகிறார். இப்போது கண்ணுக்குள்ளேயே கண்ணாடியை வைத்துவிடுகிறார்களாம். எல்லோரும் இப்படிச் செய்துகொண்டால் நான் கடையைச் சாத்திவிட்டு முழு நேரமும் கொக்கு எண்ணலாம்.

பயம் இல்லாமல் வாருங்கள் என்று சொல்லவில்லை. பயத்தோடு வாருங்கள். முதலில் ஒரு கண், அது சரியானால் மற்றது. கட்டை அவிழ்க்கும்போது நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். இன்ஜினியரிடம் உண்மையைச் சொல்லி லீவு கேளுங்கள். மழையைப் பொய் சொல்லாதவர் இதிலும் பொய் சொல்ல வேண்டாம்.

சிவப்புக் கோட்டை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஏன் மன்னித்தேன் என்பதை உங்கள் கண்ணாலேயே நீங்கள் பார்க்க வேண்டும். அதனால் இப்போது சொல்ல மாட்டேன்.

வஹீது


கோபி
27-11-1995

பாய்,

இன்ஜினியரிடம் சொன்னேன்.  “மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே” என்று ஒரு மாதம் லீவு எழுதினார். அதுவரை குவளையைப் பழனியாத்தாள் படிக்கலாம் என்றும் சொன்னார். இத்தனை நாளும் அவள்தான் படித்தாள் என்று சொன்னேன். சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். காந்திபுரத்தில் வந்து நில்லுங்கள். என்னால் உங்களைத் தேட முடியாது, நீங்கள்தான் என்னைப் பார்க்க வேண்டும்.

அங்கப்பன்


உக்கடம்
10-1-1996

அண்ணனுக்கு,

நீங்கள் ஊருக்குப் போனதிலிருந்து மொட்டை மாடி வெறிச்சென்று கிடக்கிறது. கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அது மீன்கொத்திங்க, இது தாழைக்கோழிங்க” என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் பைனாகுலரில் பார்த்துச் சரி சொன்னேனே. “கட்டுப் போட்டவரு சொல்றாரு, கண்ணு இருக்கறவரு சரி பாக்கறாரு. நல்ல கூத்துங்க” என்று இஸ்மத் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

கட்டை அவிழ்த்த அன்று நீங்கள் முதலில் சொன்னதை டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். “பாய்க்கு இத்தன நரச்சுப்போச்சுங்களா!” அந்த நேரம் எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. நாலு வருஷத்து நரை அண்ணா, பாதி உங்களால் வந்தது.

படிக்கிற கண்ணாடியை நானே பார்த்துச் செய்தேன். பார்சலில் வைத்திருக்கிறேன். கூடவே நோட்டும் இருக்கிறது. இங்கே இருந்தபோது நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். கண்ணை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சாக்குச் சொன்னேன். இப்போது படிக்கலாம். முதலில் பத்தாம் தேதிப் பக்கத்தை எடுங்கள்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நோட்டைப் பூட்டி வைத்தது நான் செய்த பிழை. அன்றைக்கு ராவே ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால், மறுநாளே சைக்கிள் மிதித்துத் தொண்டாமுத்தூர் வந்திருப்பேன். உங்களைக் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பேன். கண்ணாடிக்காரனுக்குத் தெரிய வேண்டியது கோபக்காரனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

வஹீது


கோபி
17-1-1996

அன்புள்ள வஹீது,

பொங்கலுக்கு மறுநாள் பார்சல் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். பழனியாத்தாள் மாட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அவள் கையில் எத்தனை வளையல் என்று எண்ண முடிந்தது. பிறகு நோட்டைப் பிரித்தேன்.

பத்தாம் தேதிப் பக்கம். முதல் வரி என் எழுத்து: மழை 41.2. அதன் நடுவில் சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அடுத்த வரி உங்கள் எழுத்து: பூநாரை ஒன்று, மேற்குக் கரை, காலை பத்து மணி. அதன் மேல் ஒரு புள்ளி மை கூட இல்லை.

உங்கள் பூநாரையை அடித்துவிட்டேன் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அடித்தது என் மழையை. பத்துப் பேர் சிரித்தார்களே, அவர்களில் ஒருவரும் நோட்டை எட்டிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. என்னால் பார்க்கவே முடியவில்லை. என் கண் இப்படி இருந்தது என்று ஆடி மாதமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ரசாக் கடையில் இந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருந்தால் அந்தச் சிரிப்பெல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் காட்டவில்லை. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டீர்கள். வெகுநேரம் அழுதேன். பழனியாத்தாள் பதறிப்போய், “கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னாங்களே, என்னங்க இது?” என்று முந்தானையோடு ஓடி வந்தாள்.

உங்கள் வரிக்குப் பக்கத்தில் நானும் பார்த்தேன் என்று எழுதலாமா என்று நினைத்தேன். நான் பார்க்கவில்லை, எழுதினால் பொய். அதனால் அதே சிவப்புப் பேனாவை எடுத்து இப்படி எழுதினேன்: “கண்டவர் ஒருவர். போதும்.” கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை வரி தப்பவில்லை. என் மழை மேல் இருக்கும் கோட்டை அப்படியே விட்டுவிட்டேன்.

வரும் ஞாயிறு எட்டு மணிக்குக் குவளையை நானே படித்துவிட்டு பஸ் ஏறுகிறேன். நோட்டைக் கொண்டுவருகிறேன். ரசாக்கிடம் பூநாரைக்கு ரெண்டு டீ சொல்லி வையுங்கள். பைனாகுலரில் முதலில் நீங்களே பாருங்கள். நீங்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்கிறேன்.

அங்கப்பன்